வருகையும் குடியேற்றமும்: மன்னார்க் கடல்வழியில் உறவினர்க்கு விசா மறுக்கப்பட்ட வரலாறு

கடல் கடந்து வாழும் மகனையோ கணவனையோ கண்டுவர விரும்பும் ஒருவரின் வருகை விசா விண்ணப்பம் நிராகரிக்கப்படுதல் இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குப் பழகிப்போன செய்தியாகும். நிராகரிப்புக் கடிதங்கள் பல சொற்களில் எழுதப்படினும் அவற்றின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றே: வருபவர் குறித்த காலத்தில் திரும்பிச் செல்வார் என்பதில் அதிகாரிக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. இவ்வையம் கனடாவிலோ ஐரோப்பாவிலோ புதிதாகத் தோன்றியதெனக் கருதுவோர் உளர். ஆனால் தமிழர் இதனை முதன்முதலில் எதிர்கொண்ட இடங்களுள் ஒன்று அவர்தம் சொந்தக் கடலாகும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 22 மைல் நீரில், 1949ஆம் ஆண்டின் பின் உறவினர் வருகை எவ்வாறு ஐயத்துக்குரிய செயலாயிற்று என்பதையும், அவ்வையம் குடும்பங்களின் பிரசாவுரிமையை எவ்வாறு பாதித்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியும் வழக்கும்

மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையும் நெடுங்காலம் ஒரே வாழ்க்கைப் பரப்பாக விளங்கின. சிலாபத்துறை, அரிப்பு ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளியாளர் வந்து தங்கித் திரும்பினர். மடு மாதா திருவிழாவிற்கு அக்கரையோரும், இராமேசுவர யாத்திரைக்கு இக்கரையோரும் கடலைக் கடந்தனர். மீனவர், வணிகர் குடும்பங்கள் இரு கரைகளிலும் கொண்டும் கொடுத்தும் உறவு வளர்த்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபின் இவ்வழி புதியதொரு முக்கியத்துவம் பெற்றது. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, வடபாதை எனப்பட்ட காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் அவ்வழியிற் பலரைப் பலிகொண்டன. எனினும் அக்காலத் தொழிலாளருட் பெரும்பாலோர் கோப்பி அறுவடைக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே என்பது ஈண்டு நோக்கற்பாலது. வருதலும் மீளுதலும் அவ்வழியின் இயல்பாக இருந்தன. தேயிலைக் காலத்தில் ஆண்டு முழுவதும் வேலை இருந்தமையால் குடும்பங்கள் மலைநாட்டில் நிலைகொண்டன. ஆயினும் ஊரில் விட்டுவந்த தாய்தந்தையரைக் காணவும், பெண் எடுக்கவும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும் சென்றுவரும் வழக்கம் தொடர்ந்தது.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும், மதவாச்சியிலிருந்து தலைமன்னார்வரையிலான புகையிரதப் பாதையும், இரண்டையும் இணைத்த தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவையும் செயற்படத் தொடங்கின. சென்னையிற் சீட்டெடுத்த ஒருவர் கொழும்புவரை வர இயன்றது. இரு நாடுகளும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தமையால் சாதாரணப் பயணிக்குக் கடவுச்சீட்டோ விசாவோ தேவைப்படவில்லை.

மண்டபம் முகாம்

கடவுச்சீட்டு இல்லாமை கட்டுப்பாடு இல்லாமையாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர் ஒவ்வொருவரும் தோட்ட அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்றை அணிந்து பயணஞ் செய்யும் முறை ஏற்பட்டது. பின்னர் இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், முகாமொன்றை நடத்தியது. கடல் கடக்குமுன் தொழிலாளர் அங்கே சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பெற்று, நோயற்றோர் எனக் காணப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர்.

இம்முகாம் பிற்கால விசா அலுவலகத்தின் முன்னோடி எனலாம். இலங்கைக்குள் யார் வரலாம் என்னும் தீர்ப்பு இலங்கைக் கரையை அடையுமுன்னரே, பயணியின் சொந்த நாட்டிலேயே வழங்கப்பட்டமை இதன் சிறப்பியல்பு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மண்டபத்தில் ஆராயப்பட்டது உடல். 1949இன் பின் ஆராயப்பட்டது உள்ளக் கருத்து. உடலின் நோயை மருத்துவர் சோதித்தறியலாம். திரும்பிச் செல்லும் எண்ணம் உண்டா இல்லையா என்பதைச் சோதிக்கும் கருவி எதுவும் இல்லை.

இடையில், 1939ஆம் ஆண்டில் முதலாவது பெருந்தடை இந்தியத் தரப்பிலிருந்து வந்தது. இலங்கை அரசு தன் சேவையிலிருந்த இந்திய நாட்கூலித் தொழிலாளரை விலக்க முற்பட்டமையைத் தொடர்ந்து, இந்திய அரசு அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. ஊருக்குப் போனால் மீண்டும் வரமுடியுமா என்னும் அச்சம் தோட்டத்து வீடுகளிற் புகுந்தது. தடை பின்னர்த் தளர்த்தப்பட்டதாயினும், சென்றுவருதல் இனி அரசுகளின் இசைவைப் பொறுத்தது என்பது உணரப்பட்டது.

1949ஆம் ஆண்டின் சட்டங்கள்

சுதந்திர இலங்கை இயற்றிய மூன்று சட்டங்களை இவ்விடத்தில் ஒருங்கே நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழியை அடிப்படையாகக் கொண்டு இலங்கையர் யாவர் என வரையறுத்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்து, இலங்கையர் அல்லாதார் அனைவரின் வருகையையும் அனுமதிக்கு உட்படுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கித்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், நீண்டகாலம் இலங்கையில் வாழ்ந்தோர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறும் வழியொன்றைத் திறந்தது.

தனித்தனியே நோக்குமிடத்து இவை ஒவ்வொன்றும் ஒரு புதிய அரசு தன் எல்லையை வகுத்துக்கொள்ளும் இயல்பான செயலாகத் தோன்றலாம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கும்போதே அவை ஒரு குடும்பத்துக்கு இழைத்த இடர் புலப்படும். மூன்றாவது சட்டத்தின்படி, மணமான விண்ணப்பகாரர் 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடைவிடாது வசித்தவராதல் வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேற்பட்டு வெளியே இருந்திருப்பின் வதிவு அறுபட்டதாகக் கொள்ளப்படும். அத்துடன், மணமான ஆண் ஒருவரின் மனைவியும் அவரைச் சார்ந்த வயதுவராத பிள்ளைகளும் இலங்கையில் வசித்துவந்தமை காட்டப்படல் வேண்டும். குடும்பம் எங்கே உளதோ அங்கேயே ஒருவரின் நிலையான நாட்டமும் உளது என்பது இந்நிபந்தனையின் அடிப்படைக் கருத்து.

இக்கருத்து கடலின் இரு கரைகளிலும் வாழ்க்கை நடத்திய மக்களுக்குப் பொருந்தாது. தலைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்ற மனைவி, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை, போர்க்காலத்தில் அச்சத்தினால் ஊருக்கு அனுப்பப்பட்ட குடும்பம் ஆகியோர் இல்லாமை, கணவனின் கோரிக்கைக்கு எதிரான சான்றாயிற்று. அவர்களை மீள வரவழைத்துக் குறையை நீக்க முயன்றால் குடிவரவுச் சட்டம் குறுக்கே நின்றது. கணவன் பிரசையாக ஏற்கப்படாமையால் மனைவிக்கு நுழைவதற்கு உரிமையில்லை. மனைவி இங்கில்லாமையால் கணவன் பிரசையாகத் தகுதியில்லை. ஒரு சட்டம் உண்டாக்கிய பிரிவை மற்றொரு சட்டம் குற்றமாகக் கணக்கிட்டது.

இச்சட்டத்தின் கீழ், விண்ணப்பிப்பதற்குரிய காலம் 1951 ஓகஸ்டில் முடிவடைந்தபோது, ஏறத்தாழ 8,24,000 பேரை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டிருந்தன. அவர்களுட் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. எனினும் வதிவு பற்றிய நிபந்தனைகளின் கடுமை அவற்றுள் முதன்மையானது. 1942 முதல் 1962 வரையிலான காலத்தில் இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளிற் புலம்பெயர்ந்தோர் சட்டங்களோடு பட்ட பாட்டை ஆராயும் கல்யாணி ராம்நாத் அவர்களின் ‘போட்ஸ் இன் எ ஸ்டோர்ம்’ (2023) என்னும் நூல், இத்தகைய அல்லல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தெளிவுறுத்துகின்றது.

இடர் தோட்டத் தொழிலாளரோடு நின்றுவிடவில்லை. வம்சாவழியால் இலங்கையராகிய மன்னார்க் குடும்பங்களும் இதிற் சிக்கின. இந்தியக் கரையிலிருந்து மணமுடித்து வந்த பெண், கணவன் பிரசையாதலால் தானும் பதிவுபெறலாம். ஆனால் அதற்குமுன் ஓராண்டு இங்கு வசித்திருத்தல் வேண்டும், அவ்வாறு வசிப்பதற்கு விசா வேண்டும். மன்னார்ப் பெண்ணொருத்தி அக்கரை ஆடவனை மணந்தால் நிலை இன்னும் இறுக்கமானது. தாய்வழியாகப் பிரசாவுரிமை செல்லும் என்பது 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே சட்டமாயிற்று. அதுவரை அவள் தன் ஊரிற் பெற்ற பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் அந்நியப் பிள்ளையே.

மறுக்கப்பட்டோர் கண்ட வழிகள்

விசா மறுக்கப்பட்டவருக்கு மூன்று வழிகளே இருந்தன. முதலாவது, மீண்டும் மீண்டும் விண்ணப்பித்துக் காத்திருத்தல். இரண்டாவது, இங்குள்ளவரே அக்கரை செல்லுதல்; இதில் நெடுநாள் தங்கினால் வதிவு அறுபடும் என்னும் அச்சம் இருந்தது. மூன்றாவது, இரவில் தோணியேறுதல்.

மூன்றாவது வழியே அரசின் கவனத்தை முழுமையாக ஈர்த்தது. 1952இல் ‘மொண்டி நடவடிக்கை’ என்னும் பெயரில் இராணுவம் வடமேற்குக் கரையோரக் காவலில் ஈடுபடுத்தப்பட்டது. 1963இல் இது சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புச் செயலணியாக விரிவாக்கப்பட்டு 1981வரை இயங்கியது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரைக்கு வரும் வள்ளம் ஒவ்வொன்றும் ஐயத்துடன் நோக்கப்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் இக்காலத்திலேயே வேரூன்றியது. அனுமதியின்றி வந்தவரைக் குறித்த அச்சொல் நாளடைவில் தலைமுறைகளாக இங்கு வாழ்ந்த மலையகத் தமிழரையும், பின்னர்த் தமிழர் எவரையும் இழிவுபடுத்தும் வசையாக விரிந்தது.

கள்ளமாக வந்தோர் இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. வேலை தேடி வந்தோரும் கடத்தற்காரரும் அவருள் அடங்குவர். ஆயினும் அவர்களோடு, நேர்வழியிற் கேட்டு மறுக்கப்பட்ட மனைவியரையும் மக்களையும் ஒரே சொல்லால் குறித்தமை வரலாற்று நோக்கிற் பிழையானதாகும். 1954 சனவரி 18ஆம் திகதி கைச்சாத்தான நேரு–கொத்தலாவலை உடன்படிக்கை இவ்வேறுபாட்டை மேலும் மங்கச் செய்தது. வாக்காளர் இடாப்பில் இல்லாதோருக்கு ஒரு பதிவேடு தயாரிக்கப்படும் எனவும், அது நிறைவுற்றபின் அதிற் பதியப்படாத வயதுவந்த ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின் அவர் சட்டவிரோதமாக வந்தவரென ஊகிக்கப்படுவார் எனவும் அதிற் கூறப்பட்டது. ஐயத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசிடமிருந்து நீங்கி, அதனைப் பொய்ப்பிக்கும் பொறுப்பு மனிதனிடம் வந்து சேர்ந்தது. இன்றைய விசா விண்ணப்பகாரர் ஒவ்வொருவர் மீதும் சுமத்தப்படும் பொறுப்பும் இத்தகையதே.

1964இன் இரு பிரிவுகள்

1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோரெனக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சமமாகப் பங்கிடப்பட்டனர். முதல் ஒப்பந்தம் முடிந்து இரு மாதங்கள் நிறையுமுன், டிசெம்பர் 22–23ஆம் திகதிகளிற் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பற் சேவை பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்றது.

அக்கப்பலிலேயே மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோருட் பெரும் பகுதியினர் தலைமன்னார் இறங்குதுறை வழியாக அனுப்பப்பட்டனர். அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என ஒரே வீடு இரண்டாயிற்று. ஒரு வழிப் பயணமாகச் சென்றவர்கள் மீண்டும் உடன்பிறப்புகளின் திருமணத்துக்கோ இழவுக்கோ வருவதாயின் அந்நியராகவே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1984ஆம் ஆண்டளவில் போர்ச் சூழலில் கப்பற் சேவையும் நின்றது. அதன்பின் இவ்வழியில் எஞ்சியது அகதிப் படகு ஒன்றே. ஒருகாலத்தில் தொழிலாளரைத் தடுத்துவைத்த மண்டபம், இப்போது இலங்கையிலிருந்து ஓடிவந்தோருக்குப் புகலிடமாயிற்று.

விசா வேண்டாத தீவு

இக்கடலிற் பிறிதொரு முறைமையும் இயன்றது என்பதற்கு, மன்னாருக்கு வடக்கே பாக்கு நீரிணையில் உள்ள கச்சதீவு சான்றாகும். 1974 யூன் மாத உடன்படிக்கை அத்தீவை இலங்கையின் பகுதியாக ஏற்றது. எனினும் அதன் 5ஆம் உறுப்புரை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல அங்கு வந்துசெல்லலாம் எனவும், அதற்கு இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை எனவும் கூறுகின்றது. புனித அந்தோனியார் திருவிழாவில் இரு கரையினரும் கூடுகின்றனர். வழிபாடு முடிந்ததும் அவரவர் கரைக்கு மீளுகின்றனர். வருவோர் அனைவரும் தங்கிவிடுவர் என்னும் ஊகம் இன்றியும் எல்லையொன்றைப் பேணலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. சிறிய, ஆண்டுக்கொருமுறை நிகழும் ஏற்பாடே ஆயினும், இரு அரசுகள் தாமே எழுதி ஒப்பமிட்ட ஏற்பாடு என்பதால் இது மதிப்புடையது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, வருகையும் குடியேற்றமும் மன்னார்க் கடல்வழியில் ஒரே வாழ்க்கையின் இரு கூறுகளாக இருந்தன. 1949ஆம் ஆண்டின் சட்டம் அவற்றைப் பிரித்து, முன்னதைப் பின்னதன் மறைமுகமாகக் கருதியது. இரண்டாவது, விசா மறுப்பு தன்னளவில் முடிவதொன்றன்று. மறுப்பினால் விளையும் பிரிவு பிறிதொரு சட்டத்தின் கீழ்ச் சான்றாகி உரிமையிழப்பாக வளர்ந்தது. மூன்றாவது, நேர்வழி குறுகுந்தோறும் கள்ளவழி பெருகியது. பெருகிய கள்ளவழி, நேர்வழியை மேலும் குறுக்குவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

2003ஆம் ஆண்டின் இந்திய வம்சாவழியினர் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோர் பிரச்சினையின் பெரும்பகுதியைத் தீர்த்தது. தலைமன்னாருக்குப் புகையிரதம் 2015இல் மீண்டும் வந்தது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பற் சேவை 2023இல் தொடங்கப்பட்டது. ஆயினும் தலைமன்னார் இறங்குதுறைக்குப் பயணிகள் கப்பல் இன்னும் திரும்பவில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மன்னார்க் கரையிலிருந்து குடும்பங்கள் மீண்டும் இரவுப் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தன. உறவினரை அழைக்க விண்ணப்பம் எழுதும் ஒருவர், மறுப்புக் கடிதத்தைத் தம் தனிப்பட்ட குறையாகக் கொள்ளுதல் இயல்பு. அவர் கையிலுள்ள தாளுக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு கடந்த ஓர் ஊகம் உண்டு. அவ்வூகத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆவணங்கள் வழி நிலைநாட்டுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.