கோப் குன், கோப் ஜை: ஒரு நன்றிச் சொல்லும் இரு கரைகளும்

பேருவளை சீனன்கோட்டையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் எம்மவர்கள் பலருக்கு தாய்லாந்தின் பேங்கொக்கும் சந்தபுரியும் பக்கத்து ஊர் மாதிரி. அங்கு போய் வருகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ளும் சொற்களில் ஒன்று "கோப் குன் க்ரப்". நன்றி என்று பொருள். சொல்பவர் பெண்ணாக இருந்தால் கடைசியில் "க்ரப்" வராது, "கா" வரும். கேட்பவர் ஆணா பெண்ணா என்பது இதில் கணக்கில்லை. பேசுகிறவரைப் பொறுத்தே அது மாறும்.

மொழிப்பாடம் போலத் தெரிந்தாலும் இந்தச் சொல்லுக்குள் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது. இன்று அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் "குன்". இது எமக்கு அந்நியமான சொல் அல்ல. பாளியிலும் சமஸ்கிருதத்திலும் உள்ள "குண" என்பதிலிருந்து வந்தது; நாம் குணம் என்கிறோமே, அதே சொல். தாய் மொழியில் அது நற்குணத்தையும் ஒருவர் செய்த நன்மையையும் குறிக்கும். மரியாதையாக "நீங்கள்" என்று சொல்லவும் அதுவே. பெயருக்கு முன்னால் திரு, திருமதி போலப் போடுவதும் அதுவே. வாயால் சொல்லும்போது அவர்களுக்கு ன, ண பேதம் கிடையாது. ஆனால் எழுதும்போது குணத்தின் "ண"வுக்குரிய எழுத்தையே எழுத வேண்டும். சொல்வதெழுதலில் எமது பிள்ளைகள் தடுமாறும் அதே இடத்தில்தான் அவர்களின் பிள்ளைகளும் தடுமாறுவார்கள்!

"க்ரப்" என்பது "கோ ரப்" என்ற பழைய பணிவுத் தொடரின் சுருக்கம். ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன் என்பது போன்ற பொருள். இன்னும் பெரியவர்களுக்கு நன்றி சொல்வதானால் நடுவில் ஒரு சொல் கூடி "கோப் பிரா குன்" ஆகிவிடும்.

ஒருவர் செய்த உதவியால் எம்மேல் ஏறும் கடனை அவர்கள் "புன் குன்" என்பார்கள். புண்ணியமும் குணமும் சேர்ந்த சொல். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள இந்தக் கடன் தீராது என்பது அங்குள்ள நம்பிக்கை. கல்வியாண்டு தொடங்கியதும், பெரும்பாலும் ஜூன் மாதத்து வியாழன் ஒன்றில், பாடசாலைகளில் "வாய் க்ரூ" நடக்கும். க்ரூ என்றால் குரு. பிள்ளைகள் ஆசிரியருக்கு அறுகம்புல், கத்தரிப்பூ, வெட்சிப்பூ கொடுப்பார்கள். அறிவு அறுகுபோல் படர வேண்டும், பணிவு கத்தரிப்பூப்போல் தலைகுனிய வேண்டும், புத்தி வெட்சி மொட்டுப்போல் கூராக இருக்க வேண்டும் என்பது கருத்து.

இந்தப் பாளிச் சொற்கள் அங்கு வேரூன்றக் காரணம் தேரவாத பௌத்தம். இலங்கைக்கும் அதில் பங்குண்டு. எமது நாட்டில் துறவற மரபு அற்றுப்போயிருந்தபோது 1753 இல் சியத்திலிருந்து வந்த உபாலி தேரர் கண்டியில் உபசம்பதாவை மீண்டும் தொடக்கி வைத்தார். சியம் நிக்காய என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இனி மீகொங் ஆற்றைக் கடந்து லாவோஸ் பக்கம் போவோம். அங்கே நன்றிக்கு "கோப் ஜை" என்பார்கள். ஜை என்றால் உள்ளம். மிக்க நன்றி என்பதற்கு "கோப் ஜை லாய் லாய்". சந்தைக்காரரிடமும் சொல்லலாம், அமைச்சரிடமும் சொல்லலாம்.

சிக்கல் இங்கேதான். "கோப் ஜை" தாய் மொழியிலும் உண்டு. ஆனால் அங்கே அது மூத்தவர் இளையவருக்கு, மேலிருப்பவர் கீழிருப்பவருக்குச் சொல்லும் நன்றி. லாவோஸ் இளைஞர் ஒருவர் பேங்கொக்கில் ஓர் அதிகாரியைப் பார்த்து மனம் நிறைந்து "கோப் ஜை" என்றால், தட்டிக்கொடுத்துப் பேசுவது போல அது விழும்.

இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த மொழிகள். 1353 இல் உருவான லான் சாங் இராச்சியம் மீகொங்கின் இரு கரைகளிலும் பரந்திருந்தது. அன்று ஆறு எல்லையாக இருக்கவில்லை. 1827, 1828 இல் சியத்தின் படைகள் வியன்டியான் நகரை அழித்து, மக்களைப் பெருந்தொகையாக மேற்குக் கரைக்குக் கொண்டுபோயின. பின்னர் 1893 ஒக்டோபர் 3 இல் பிரான்ஸுடன் செய்த ஒப்பந்தத்தில் கிழக்குக் கரையைச் சியம் விட்டுக்கொடுத்தது. ஆறு எல்லையானது. லாவோ பேசும் மக்களில் பெரும்பகுதியினர் மேற்கே, இன்று ஈசான் எனப்படும் வடகிழக்குத் தாய்லாந்தில் தங்கிவிட்டார்கள். லாவோஸ் நாட்டில் இருப்பதைவிட அங்கேதான் லாவோ பேசுவோர் அதிகம்.

1921 இல் கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. பாடசாலை மொழி பேங்கொக் தாய். ஈசான் பிள்ளைக்கு வீட்டில் "கோப் ஜை", வகுப்பில் "கோப் குன்". ஆசிரியர் நல்ல பழக்கம்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் தன் தாய் சொல்லும் நன்றி ஒரு படி இறங்கியது என்பதையும் பிள்ளை அதோடு சேர்த்துப் படித்தது. ஆசிரியர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய இடம் இது.

அடுத்து வந்தவை ஆணைகள். பிபுன் சொங்க்ராம் ஆட்சியில் 1939 இல் சியம் தாய்லாந்தாகியது. 1939 முதல் 1942 வரை பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகள் வெளிவந்தன. 1942 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து பதின்மூன்று மெய்யெழுத்துகள் நீக்கப்பட்டன. அதில் குணத்தின் "ண"வும் போயிற்று. 1943 இல் "சவத்தீ" அரச வணக்கச் சொல்லாகியது. அது "ஸ்வஸ்தி"யிலிருந்து ஆக்கிய சொல். சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் அதே ஸ்வஸ்தி. 1944 இல் பிபுன் பதவியிழந்தார். அதே ஆண்டில் பழைய எழுத்துகள் திரும்பின. "சவத்தீ" மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

அந்த ஆணைகளின் காலத்தில் தெற்கே பத்தானி மலாய் முஸ்லிம்களின் உடைக்கும் மொழிக்கும் நெருக்கடி வந்தது. 1947 இல் ஹாஜி சுலோங் முன்வைத்த ஏழு கோரிக்கைகளில் மலாய் மொழிக்கு அரச தகுதி கேட்டதும் ஒன்று. அம்மக்களின் நன்றிச் சொல் "தெரிமா காசி", அன்பைப் பெற்றுக்கொண்டேன் என்பது அதன் நேர்ப்பொருள். எமது நாட்டு மலாய் வீடுகளிலும் கேட்கும் சொல்தான்.

லாவோஸில் நடந்தது வேறு விதம். 1975 டிசம்பரில் முடியாட்சி முடிந்தது. "டோய்" என்று பணிந்து ஆமோதிப்பதும், தன்னைச் "சிறு அடிமை" என்ற பொருளில் "கா நோய்" என்று சொல்வதும் பழைய அதிகாரத்தின் மிச்சம் எனப் புதிய அரசு கருதியது. தோழர் என்பதற்கு "சஹாய்" வந்தது. எமது சகாயத்துக்கும் மூலம் அதே சொல்தான். காலம் போக "டோய்" மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் "கோப் ஜை" எங்கும் போகவில்லை. லாவோ மொழியில் அது எல்லோருக்கும் ஒரே சொல். எவரையும் உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. அதனால் அதைத் திருத்த எவருக்கும் தேவை வரவில்லை.

தாய்லாந்து போகும் எமது பிள்ளைகளுக்கு "கோப் குன்" சொல்லிக் கொடுப்போம். லாவோஸ்காரர் ஒருவர் "கோப் ஜை" என்றால் அது முழு மரியாதை என்பதையும் சொல்லி வைப்போம். வகுப்பறையில் ஒரு பிள்ளை வீட்டு மொழியில் நன்றி சொன்னால், திருத்துவதற்கு முன் அதை வாங்கிக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் மூத்தவர்கள் எப்படி நன்றி சொல்வார்கள்? கீழே எழுதுங்கள், நாமும் தெரிந்துகொள்வோம்.