ஆபத்துக்குப் பழகும் மனம்: சிவகாசிப் பட்டாசு வட்டாரமும் உளவியலும்

இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசுகளில் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றி உற்பத்தியாகிறது. இங்கு விபத்து நேரும்போதெல்லாம் சில வினாக்கள் எழுகின்றன. ஆபத்து என்று தெரிந்தும் மக்கள் ஏன் இந்த வேலைக்குப் போகிறார்கள்? தீப்பிடித்த இடத்தை நோக்கிக் கூட்டம் ஏன் ஓடுகிறது? உயிர் தப்பியவர் பல மாதங்கள் கழித்தும் ஏன் நடுங்குகிறார்? இவை மனித மனத்தைப் பற்றிய பொதுவான வினாக்கள். உளவியல் இவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டு முழுவதும் விடை தேடி வந்துள்ளது.

தொழிலின் தோற்றம்

சிவகாசி மழை குறைந்த வானம் பார்த்த பூமி. இவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய உறவினர் இருவர் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. அதைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பட்டாசு வரத்து தடைப்பட்டதால் உள்நாட்டு உற்பத்திக்கு வாய்ப்புப் பெருகியது. விளைச்சல் பொய்க்கும் கரிசல் காட்டுக் குடும்பங்களுக்கு இது ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கூலி தரும் வேலையாயிற்று.

பழகப் பழகப் பயம் குறைவது ஏன்?

ஒரு தூண்டல் மீண்டும் மீண்டும் வந்து, அதனால் தீங்கு எதுவும் நேராவிட்டால், உயிரினம் அதற்கு எதிர்வினை காட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. இது பழக்கமாதல் எனப்படும். ரயில் பாதை அருகே குடியிருப்பவர் இரவில் ரயில் சத்தத்தால் விழிப்பதில்லை. மனம் தன் கவனத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதற்கு இந்த இயல்பு உதவுகிறது.

பட்டாசு ஆலையில் இதே இயல்பு ஆபத்தாகிறது. வெடி மருந்து உராய்வுக்கும் வெப்பத்துக்கும் எளிதில் இரையாகும். முதல் நாள் மருந்தைத் தொடும் கை நடுங்கும். நூறாவது நாள் அதே கை வேகமாக ஓடும். ஒருநாள் அவசரத்தில் ஒரு விதியைத் தளர்த்தி, அன்று ஒன்றும் நேராவிட்டால், அந்தத் தளர்வு பாதுகாப்பானது என்று மனம் கற்றுக்கொள்கிறது. மறுநாள் அது வழக்கமாகிவிடுகிறது.

இது படிப்பறிவு குறைந்தவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 1986-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தனர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயேன் வாகன், பொறியாளர்கள் சிறு சிறு பழுதுகளை ஒவ்வொரு முறையும் ஏற்றுக்கொண்டு, நாளடைவில் அவற்றை இயல்பென்றே கருதியதை 1996-இல் வெளியான நூலில் விளக்கினார். விண்வெளி ஆய்வுக் கூடத்திலும் வெம்பக்கோட்டை அறையிலும் மனம் ஒரே வழியில்தான் கற்கிறது.

தெரிந்தும் வேலைக்குப் போவது ஏன்?

1934 சனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் தொகுத்து ஆராய்ந்தார். அதிர்வை உணர்ந்தும் நேரடிச் சேதம் அடையாத மக்களிடம், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியிருந்தன. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்த ஆய்வைப் படித்து வியந்தார். பயத்தைக் குறைக்க வேண்டிய மனம் ஏன் பயத்தை வளர்க்கும் செய்தியை நாடியது? ஏற்கெனவே உள்ளே இருந்த பயத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்பது அவர் கண்ட விடை. ஒன்றோடொன்று முரண்படும் எண்ணங்களை மனம் தாங்காது, ஏதேனும் ஒன்றை மாற்றி இணக்கம் தேடும் என்ற அறிதிறன் முரண்பாட்டுக் கோட்பாட்டை அவர் 1957-இல் நூலாக வெளியிட்டார்.

இதைப் பொருளியலாளர்கள் ஜார்ஜ் அக்கர்லோஃப், வில்லியம் டிக்கன்ஸ் ஆகியோர் 1982-இல் ஆபத்தான தொழில்களுக்குப் பொருத்திப் பார்த்தனர். “நான் விவரம் தெரிந்தவன்” என்ற எண்ணமும் “என் வேலை உயிருக்கு ஆபத்தானது” என்ற எண்ணமும் ஒருவர் மனத்தில் மோதுகின்றன. வேலையை விட வழியில்லை. எனவே “அப்படியொன்றும் ஆபத்தில்லை” என்று மனம் இரண்டாவது எண்ணத்தை மாற்றிக்கொள்கிறது. பாதுகாப்புக் கருவிகளைத் தொழிலாளரே ஒதுக்குவதற்கும் இது ஒரு காரணம். கருவியை அணிந்தால் ஆபத்து இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அவர்கள் வாதப்படி, இத்தகைய தொழில்களில் பாதுகாப்பைத் தொழிலாளரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்தால் உறுதி செய்வது நியாயமாகிறது.

தீயை நோக்கி ஓடுவது ஏன்?

1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பல் ஒன்று மற்றொரு கப்பலுடன் மோதித் தீப்பிடித்தது. நகர மக்கள் கரையிலும் சன்னலோரங்களிலும் நின்று வேடிக்கை பார்த்தனர். சுமார் இருபது நிமிடத்தில் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தனர். கண்ணாடிச் சில்லுகளால் பலர் பார்வை இழந்தனர். சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் இதைப் பற்றி 1920-இல் எழுதிய ஆய்வு, பேரிடர் பற்றிய முதல் சமூக அறிவியல் ஆய்வுகளுள் ஒன்று.

95 ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறக்குறைய அதுவே நிகழ்ந்தது. ஆலையில் தீப்பிடித்ததும் அக்கம்பக்கத்து ஊர் மக்கள் உதவவும் பார்க்கவும் ஓடிவந்தனர். அடுத்து நிகழ்ந்த பெரும் வெடிப்பில் அவர்களில் பலர் சிக்கினர். அந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர்.

பேரிடரின்போது மக்கள் சிதறி ஓடுவதைவிட, அந்த இடத்தை நோக்கித் திரள்வதே பெரும்பாலும் நிகழ்கிறது என்று 1950-களிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி வந்துள்ளனர். உறவினரைத் தேடுவோர், உதவ வருவோர், செய்தி அறிய வருவோர், வேடிக்கை பார்ப்போர் எனக் கூட்டம் பலவகை. உள்ளே தன் மகள் வேலை செய்கிறாள் என்றால் எந்தத் தாயும் நிற்கமாட்டார். எனவே விலகிப் போகச் சொல்லும் அறிவிப்பு மட்டும் போதாது. உள்ளே இருப்போர் பற்றிய தகவலை உடனே தரும் ஓரிடம் வேலிக்கு வெளியே இருந்தால்தான் கூட்டம் விலகி நிற்கும்.

விபத்துக்குப் பின் மனம்

காயம் ஆறிய பின்னும் சிலருக்குக் கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை, நிகழ்ந்தது மீண்டும் கண்முன் தோன்றுதல் ஆகியவை தொடர்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை 1980-இல் தனி நோயாக வகைப்படுத்தியது. தமிழில் இது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் எனப்படுகிறது. அச்சமூட்டிய நிகழ்வோடு சேர்ந்திருந்த ஒலியும் மணமும் பிறகு தனியே வந்தாலும் உடல் அஞ்சுகிறது. வெடிவிபத்தில் தப்பியவருக்குத் தீபாவளி இரவு எப்படிக் கழியும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

1984 போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின், மனநலப் பாதிப்பைக் கண்டறிந்து மருத்துவம் செய்ய அங்கிருந்த பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இந்தியாவில் பேரிடர் மனநலப் பணி இவ்வாறு வளர்ந்தது. இன்று 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எவரும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

கவனக்குறைவு என்ற சொல்

விபத்துக்குப் பின் பெரும்பாலும் முதலில் கேட்கும் சொல் கவனக்குறைவு. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி தரும்போது வேகம்தான் சோறு போடுகிறது. அங்கே கவனத்தை மட்டும் நம்புவது மனித மனத்தை அறியாதவர் செய்வது.

சட்டம் சில இடங்களில் இதை அறிந்தே எழுதப்பட்டுள்ளது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது, அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்ற விதிகள், என்றாவது ஒருநாள் ஒரு கை தவறும் என்பதை ஏற்றுக்கொண்டு, அன்று இழப்பைக் குறைக்க முயல்கின்றன. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குழந்தையின் கவனத்தையோ பெற்றோரின் வறுமையையோ குறைகூறாமல், பொறுப்பை வேலை கொடுத்தவர் மீது வைத்த தீர்ப்பு அது.

நான்கு பேருக்கான அறையில் பத்துப் பேர் அமரும்போது மீறப்படுவது ஒரு சட்டப்பிரிவு மட்டுமன்று. பழகும், மறக்கும், தனக்கு நேராது என்று நம்பும் மனத்துக்கு இருந்த ஒரே காவலும் அப்போது போய்விடுகிறது.