மூழ்காத ஒந்தினா

சிங்கப்பூர் 'ஷோனான்' என்று பெயர் மாற்றப்பட்டு, தேக்காவில் நம்மவர் பங்கீட்டு அரிசிக்குக் காத்துநின்ற 1942-ஆம் ஆண்டு அது. நவம்பர்த் தொடக்கத்தில் நமது துறைமுகத்திலிருந்து ஹொக்கோக்கு மாரு, ஐக்கோக்கு மாரு என்ற இரு ஜப்பானியக் கப்பல்கள் இந்துமகா சமுத்திரத்தை நோக்கிப் புறப்பட்டன. பிரயாணக் கப்பல்களாகக் கட்டப்பெற்றுப் பின் பீரங்கி பூண்டவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டவை. அவ்வாண்டின் நடுவில் ஆப்பிரிக்கக் கரையோரம் வேட்டையாடிய நீர்மூழ்கிகளுக்கு எண்ணெயும் உணவும் ஊட்டியவை இவையே. மே மாதத்தில் ஜெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலைச் சிறைபிடித்தவையும் இவையே.

நவம்பர் 11-ஆம் நாள், கோக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, அவை இரு கப்பல்களைக் கண்டன. ஒன்று ஒந்தினா என்னும் டச்சு எண்ணெய்க் கப்பல். அதற்குத் துணையாக வந்தது 'பெங்கால்'. ஆயிரம் டன்னும் இல்லாத, ஆஸ்திரேலியாவில் புதிதாகக் கட்டப்பெற்று இந்தியக் கடற்படைக்கு வந்துகொண்டிருந்த சிறு போர்க்கப்பல் அது. மாலுமிகள் இந்தியர், தலைவர் வில்சன். அதனிடம் சொல்லத்தக்க பீரங்கி ஒன்றுதான்.

எண்ணெய்க் கப்பலைத் தப்பியோடச் சொல்லிவிட்டு, பெங்கால் பகைவரை நோக்கி நேரே திரும்பியது. ஒந்தினாவின் தலைவர் ஹார்ஸ்மன் ஓடவில்லை. தம்மிடமிருந்த ஒற்றைப் பீரங்கியால் அவரும் சுட்டார். சிறிது நேரத்தில் ஹொக்கோக்கு மாரு வெடித்துத் தீப்பற்றி மூழ்கியது. அந்தக் குண்டு எவருடையது என்னும் வழக்கில் இரு தரப்பும் உரிமை கொண்டாடின. ஆராய்ந்தோர் பலர் ஒந்தினா பக்கமே நிற்கின்றனர்.

பின்னர் ஒந்தினாவின் குண்டுகள் தீர்ந்தன. ஹார்ஸ்மன் உயிர்துறந்தார். ஆட்கள் படகில் இறங்கினர். ஐக்கோக்கு மாரு ஆளற்ற கப்பலின்மேல் டார்ப்பிடோ எய்தது. படகிலிருந்தோர்மீதும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. இச்செயலுக்குப் போர் முறை என்று பெயரிட எம்மால் இயலாது. பெங்கால், எண்ணெய்க் கப்பல் தொலைந்ததென்று முடிவுகட்டி விலகியது. அதனைப் பழிப்பாரும் உளர். சேதமுற்ற அச்சிறு கப்பல் அங்கேயே நின்றிருந்தால் மூன்றாவதாக ஒரு கப்பலும் அழிந்திருக்கும் என்பதே எம் கருத்து.

பகைவர் போனபின் படகிலிருந்தோர் தம் கப்பலை நோக்கினர். அது சாய்ந்து எரிந்ததே தவிர மூழ்கவில்லை. எண்ணெய்க் கப்பலின் வயிறு தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால், ஓரிரண்டு அறைகளில் நீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். டச்சுக்காரரும் சீனத் தொழிலாளரும் அடங்கிய அக்கூட்டம் மீண்டும் ஏறியது, தீயணைத்தது, சாய்வைத் திருத்தியது, இயந்திரத்தை இயக்கியது. தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டால் அக்கைகளின் உழைப்பு கணக்கில் வராது. தலைவர்களின் பெயரைச் சரித்திரம் விரிவாகக் குறித்திருக்கிறது. எண்ணெய் படிந்த அக்கைகளுக்கு உரியவரைத் தேடினால் 'சீன மாலுமிகள்', 'இந்திய மாலுமிகள்' என்னும் இரு சொற்களே பெரும்பாலும் கிடைக்கின்றன.

சங்கேதப் புத்தகங்கள் கடலில் எறியப்பட்டிருந்தமையால், வைத்திய உதவி வேண்டி வெளிப்படையாகத் தந்தியில்லாச் செய்தி அனுப்பினர். மறுமொழி இல்லை. ஒந்தினா அழிந்ததாகப் பெங்கால் அறிவித்திருந்ததால், பிரிமாண்டில் துறைமுகத்தார் அதனை ஜப்பானியர் விரித்த வலையென்று கருதினர். நவம்பர் 18-இல், செத்ததாகக் கணக்கெழுதப்பட்ட கப்பல் அதே துறைமுகத்துள் நுழைந்தது. பின்னாளில் அது மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் நங்கூரமிட்டு, அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் ஊட்டியது.