இறைச்சிக்கடையில் பிறந்த மதுக்கூடம்

இங்கிலாந்தின் தென்கிழக்கே கெண்ட் மாவட்டத்தில் ஹெர்ன் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே முன்னர் இறைச்சிக்கடையாக இருந்த சிறிய அறையொன்றில், 2005ஆம் ஆண்டில் மார்ட்டின் ஹில்லியர் என்பவர் ஒரு மதுக்கூடத்தைத் திறந்தார். இறைச்சியைத் தொங்கவிட்ட கொக்கிகள் அப்படியே இருந்தன. கடைக்கு வைத்த பெயரும் 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்' என்பதே. இருபது பேர் அமர்ந்தால் அறை நிறைந்துவிடும். இசைப்பெட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை, காசு விழுங்கும் சூதாட்டப் பொறியும் இல்லை. பின்புறத்துக் குளிரறையில் பீப்பாய்கள் வரிசையாய்க் கிடந்தன. அவற்றிலிருந்து நேரே குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். 'மைக்ரோபப்' என்று இன்று பிரிட்டனில் நூற்றுக்கணக்காகப் பெருகியுள்ள சிறு மதுக்கூடங்களுக்கு மூத்தது இதுவே.

கள்ளுண்ணாமை அதிகாரத்தை வகுப்பறையில் விளக்கும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று ஆசிரிய நண்பர்கள் வினவக்கூடும். மதுவைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஊர் மக்கள் கூடிப் பேசும் ஓர் அறையைத் திறக்கும் உரிமை யாருடையது? நீதிபதியுடையதா, முதலாளியுடையதா, அவ்வூரில் வாழும் ஒருவனுடையதா? ஆங்கில மதுக்கூடத்தின் வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே சுழன்று வந்துள்ளது.

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் என்னும் பானத்தைக் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்துப் புளிக்கவைப்பது வீட்டு வேலைகளுள் ஒன்றாக இருந்தது. வீட்டுத் தேவைக்குமேல் மிஞ்சியபோது, வாசலில் ஒரு கழியை நீட்டி அதன் நுனியில் இலைக்கொத்தைக் கட்டிவைப்பார்கள். சரக்கு ஆயத்தம் என்பதற்கு அதுவே அடையாளம். காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விலையை அறிவித்துப் பறந்த கொடியைப் பட்டினப்பாலையில் படித்தவர்களுக்கு இவ்வழக்கம் புதுமையாகத் தோன்றாது. பதினைந்தாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, பானம் விரைவில் கெடாமல் காத்தது. கெண்ட் மாவட்டமே பின்னாளில் அப்பூவின் தோட்டமாக மாறியது.

1552ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வீட்டுக் கடைகளை நீதிபதிகளின் உரிமத்திற்கு உட்படுத்தியது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்று 1830இல் நாடாளுமன்றம் கதவைத் திடீரென்று அகலத் திறந்துவிட்டது. இரண்டு கினி கட்டணம் செலுத்தி, வரி கட்டும் எவரும் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம் என்றாயிற்று. மக்களை ஜின் என்னும் கடுஞ்சாராயத்திலிருந்து திருப்புவதும், பெரிய காய்ச்சகங்களின் ஆதிக்கத்தைத் தளர்த்துவதும் அச்சட்டத்தின் எண்ணம். ஓராண்டிற்குள் இருபதினாயிரத்திற்கும் மேற்பட்ட பீர் வீடுகள் முளைத்தன. குடிமயக்கமும் கூச்சலும் பெருகிவிட்டன என்று மேட்டுக்குடியினர் முறையிட்டார்கள். முறையீட்டில் உண்மையும் இருந்தது. ஏழைகள் தனியே கூடிப் பேசுகிறார்கள் என்ற அச்சமும் இருந்தது. 1869இல் அதிகாரம் மீண்டும் நீதிபதிகளின் கைக்கே சென்றது.

உரிமம் கிடைப்பது அரிதானதும் அதன் விலை ஏறியது. பெரிய காய்ச்சகங்கள் மதுக்கூடங்களை விலைக்கு வாங்கின. தம் சரக்கை மட்டுமே விற்கவேண்டும் என்று நடத்துபவரைக் கட்டிப்போட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆறு பெருநிறுவனங்களே நாட்டின் பீரில் முக்கால் பங்கை ஆக்கின. வடிகட்டிச் சூடேற்றி நொதியைக் கொன்று, கரிவளி ஏற்றி, உலோகக் கலத்தில் அடைத்த பீரை நாடெங்கும் பரப்பின. அது கெடாது, அதைக் கையாளத் திறனும் தேவையில்லை. கணக்குப் பார்ப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பீப்பாயில் வரும் ஏல் அத்தகையதன்று. அதில் ஈஸ்ட் என்னும் நொதி உயிரோடு இருக்கிறது. கடைக்கு வந்த பின்னரும் உள்ளே புளிப்பு நடந்துகொண்டே இருக்கும். வந்த பீப்பாயை அசையாமல் கிடத்தவேண்டும். மேல்துளையில் சிறு மரமுளையைச் செருகி மிகுந்த வளியை மெல்ல வெளியேற்றவேண்டும். கசடு அடியில் படியும்வரை காத்திருக்கவேண்டும். அறையின் வெப்பம் 11 முதல் 13 பாகைக்குள் நிற்கவேண்டும். குழாயைத் திருகித் திறந்தபின் காற்று உட்புகும். மூன்று நாள்கள் போல் நற்சுவை நிற்கும், பின் புளித்துவிடும். 'பிர்கின்' எனப்படும் சிறு பீப்பாயில் 72 பைண்ட் அளவு, அதாவது சுமார் 41 லிட்டர் இருக்கும். அதை மூன்று நாளில் விற்றுத் தீர்க்க முப்பது நாற்பது வாடிக்கையாளர் போதும். சிறிய அறைக்கும் இப்பீப்பாய்க்கும் உள்ள பொருத்தம் இங்கேதான் இருக்கிறது.

இவ்வறைகளில் ஏலுக்குப் பக்கத்தில் சைடர் இருக்கும். ஆப்பிளை அரைத்துப் பிழிந்து, சாற்றைப் பல திங்கள் புளிக்கவைத்துப் பெறும் பானம் அது. சாமர்செட், ஹெர்போர்ட்சயர் மாவட்டங்கள் அதற்குப் பெயர்பெற்றவை. இதன் பழைய வரலாற்றில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அப்பகுதிப் பண்ணைகளில் உழைப்பாளியின் கூலியில் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்து கொடுத்தார்கள். கூலியை மதுவாகக் கொடுப்பதை 1887ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதே ஆட்சியின் கீழிருந்த மலாயாத் தோட்டங்களிலோ, கூலியைக் காசாகக் கொடுத்து, லயத்திற்கு அருகிலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடையை வைத்து, அக்காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு நீடித்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. குடிக்கும் இடம் முதலாளியின் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை நம் பாட்டன்மார் பட்டே அறிந்தார்கள்.

இங்கிலாந்தில் மாற்றம் படிப்படியாக வந்தது. 1971இல் அயர்லாந்திற்குச் சுற்றுலா சென்ற நான்கு ஆங்கில இளைஞர்கள், உயிருள்ள ஏலைக் காப்பதற்கென்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். விளையாட்டாகத் தொடங்கிய அது, 'காம்ரா' என்னும் பெரிய நுகர்வோர் அமைப்பாக வளர்ந்தது. 1989இல் அரசு, இரண்டாயிரத்திற்கு மேல் மதுக்கூடம் வைத்திருந்த காய்ச்சகங்களின் பிடியைத் தளர்த்த ஆணையிட்டது. ஆனால் கைவிடப்பட்ட கூடங்களைக் காய்ச்சாத பெருநிறுவனங்கள் வாங்கிக்கொண்டன! 2002இல் சிறு காய்ச்சகங்களுக்கு வரிச்சலுகை கிடைத்தது, அவை பெருகின. ஆனால் அவர்கள் சரக்கை விற்கக் கட்டுப்பாடற்ற கடை எங்கே?

2003இல் இயற்றப்பட்டு 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டம் அதற்கு விடையளித்தது. அதிகாரம் நீதிபதிகளிடமிருந்து உள்ளூராட்சி மன்றத்திற்கு மாறியது. இங்கே இன்னொரு கடை தேவையா என்பது பழைய வினா. போட்டிக்கு அஞ்சியவர்கள் அதைக் கேட்டுத் தடுக்கமுடிந்தது. குற்றமோ, தொல்லையோ, குழந்தைகளுக்குக் கேடோ விளையுமா என்பது புதிய வினா. இருபது நாற்காலியும் இசையற்ற அறையும் கொண்டவருக்கு அவ்வினாவிற்கு விடைசொல்வது கடினமாக இல்லை. ஹெர்னில் ஹில்லியர் இவ்வழியில்தான் நுழைந்தார். 2009இல் காம்ராவின் ஆண்டுக்கூட்டத்தில் தம் சிறுகடையைப் பற்றி அவர் பேசினார். அவ்வாண்டிலேயே ஹார்ட்டில்பூல் ரயில் நிலையத்தில் ஒரு கடை தோன்றியது. மூடிக்கிடந்த முடிதிருத்தகம், பூக்கடை, மருந்துக்கடை எனக் கடைத்தெருவின் வெற்றிடங்கள் பலவற்றில் விளக்கெரியத் தொடங்கியது.

இவ்வறைகளுள் ஒன்றில் நுழைபவர் ஒதுங்கி அமர்ந்துவிட முடியாது. பலகைகள் எதிரெதிரே போடப்பட்டிருக்கும். முன்பின் அறியாதவரோடு பேசியே ஆகவேண்டும். சில கடைகளில் அலைபேசி ஒலித்தால் தண்டம் கட்டவேண்டும்; அது அறச்செயலுக்குப் போகும். தின்பதற்கு ஊறவைத்த முட்டை, பாலாடைக்கட்டி, பன்றிக்கொழுப்பு வறுவல், இவ்வளவே. கடைக்காரரே ஊற்றுவார்; எந்தக் காய்ச்சகத்திலிருந்து வந்தது என்பதையும் அவரே சொல்லுவார்.

2020 மார்ச் 20ஆம் நாள் மாலை, கொள்ளைநோய் காரணமாக நாட்டின் மதுக்கூடங்கள் யாவற்றையும் மூட அரசு உத்தரவிட்டது. உலோகக் கலத்து பீர் சிலகாலம் தாங்கியது. பீப்பாய் ஏல் காத்திருக்கவில்லை. பேணி வளர்த்த சரக்கைக் கடைக்காரர்கள் சாக்கடையில் கொட்டினார்கள். ஜூலை 4ஆம் நாள் கதவு திறந்தபோது, இடைவெளி விட்டு அமரவேண்டும் என்பது விதி. இருபது பேர் நெருங்கி அமரும் அறையில் ஆறேழு பேரை அமர்த்தி, கையில் நாடாவுடன் தரையை அளந்துகொண்டு நின்றார்கள்.