குழலும் குண்டும் கொழுப்பும்

1857 கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அக்கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு.

வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் ரைஃபிளில் ஒரு முரண் உண்டு. குண்டு உள்ளே இறங்கும்போது தளர்ந்தும், வெளியேறும்போது இறுகியும் இருக்கவேண்டும். தளர்ந்தே இருந்தால் வெடிவளி பக்கவாட்டில் கசிந்து குறி தப்பும். இறுக்கமான குண்டையோ அடித்துத்தான் இறக்கவேண்டும். போர்க்களத்தில் அதற்கு அவகாசமேது?

தென்னிந்திய ஊதுகுழல் அம்பின் அடிப்பகுதியில் இருந்த நெகிழ்வான தண்டுச்சோறு மூச்சுக்காற்றில் விரிந்து குழலை அடைப்பதைக் கண்டுதான், கேப்டன் ஜான் நார்ட்டன் அடி குடைந்த குண்டை வடிவமைத்தார் என்பர். ஆங்கிலேய அரசு அதை ஏற்கவில்லை. 1849இல் பிரெஞ்சுக்காரர் மினியே அதே வழியில் வென்றார்.

1853ஆம் ஆண்டு என்ஃபீல்டின் குழல்விட்டம் 14.66 மி.மீ.; குண்டு 14.43 மி.மீ. சுட்டதும் ஈயம் விரிந்து மூன்று சுழல்பள்ளங்களைப் பற்றும். குண்டு சுழன்று நேரே பாயும். ஆனால் சில முறை சுட்டபின் கரிமருந்தின் கசடு அச்சிறு இடைவெளியை நிரப்பிவிடும். எனவேதான் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு. அதைப் பல்லால் கிழிப்பதே பயிற்சிமுறை.

பசு, பன்றிக் கொழுப்பென்ற அச்சம் வெடிப்பதற்கு முன்பே, 1853இல், வங்காளப் படையின் கர்னல் டக்கர் இதுகுறித்து எச்சரித்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் குண்டு 13.97 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. கசடுக்கு இடம்விடக் கணக்கிட்டவர்கள், அதைக் கடிக்கும் வாயைக் கணக்கில் கொள்ளவில்லை.