ஒல்லாந்தர் மருத்துவமனையில் ஒரு விருந்து

கொழும்புக் கோட்டையில், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அருகே, தாழ்ந்த ஓட்டுக்கூரையுடன் நீண்ட கட்டடம் ஒன்று உண்டு. இன்று உணவகங்களுக்குப் பெயர்பெற்ற அவ்விடம், பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை. கோட்டையில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடங்களுள் இதுவும் ஒன்று.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் அலுவலர்களுக்கும் மாலுமிகளுக்கும் சிகிச்சையளிக்க இதனை அமைத்தது. மாதக்கணக்கில் கடலில் அலைந்து நோயுற்றவர்களைக் கப்பலிலிருந்து விரைவாகக் கொண்டுவர வேண்டும்; ஆதலால் துறைமுகத்துக்கு அண்மையில் இடம் தெரிவாயிற்று. தடித்த சுவர்களும் அகன்ற விறாந்தைகளும் இரு முற்றங்களும், வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விட்டன. நோயாளிக்கு வேண்டியிருந்த அந்தக் குளிர்ச்சிதான் இன்று விருந்தினரையும் ஈர்க்கிறது.

பிரித்தானியர் 1796இல் கொழும்பைக் கைப்பற்றிய பின்னர் கட்டடம் பல கைகளுக்கு மாறியது. 1980களில் அது கோட்டைப் பொலிஸ் நிலையம். செய்தி தேடி அங்கு சென்ற எம்மில் எவரும் தலைக்கு மேலிருந்த தேக்குமர உத்திரங்களை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அன்றைய செய்திகள் அவ்வாறானவை.

1996 ஜனவரி 31ஆம் திகதி, மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் நடத்திய தற்கொலைத் தாக்குதலில் 91 பேர் உயிரிழந்தனர். சுமார் 1,400 பேர் காயமடைந்தனர். கண்களை இழந்தோர் பலர். அருகிலிருந்த இந்த மருத்துவமனைக் கட்டடமும் சேதமடைந்தது. அதன் பின்னர் நெடுங்காலம் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது.

போர் முடிந்தபின் புனரமைக்கப்பட்டு, 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும், கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் இணைந்து இங்கு நண்டு உணவகம் ஒன்றைத் தொடங்கினர். நமது களப்புகளின் பெரிய நண்டுகள் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகி அங்கேயே புகழ்பெற்றிருந்தன. அவற்றை நாட்டிலேயே பரிமாறுவது அவர்கள் நோக்கம். இந்நாட்டுக் கறுவாவைக் கப்பலேற்றிச் செல்வம் சேர்த்த கம்பனியின் கட்டடத்தில் இது நிகழ்வது பொருத்தமே.

பழைய கட்டடத்தை உணவகமாக்குவது அதன் மதிப்பைக் குலைக்கும் என்போர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளில்லாத கட்டடத்தில் கூரை ஒழுகும், மரம் உக்கும், ஆலங்கன்று சுவரைப் பிளக்கும். நாள்தோறும் விளக்கெரியும் இடத்தைப் பராமரிக்க வருமானமும் ஆட்களும் இருப்பர்.

ஆயினும் சுவர்களைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். இங்கு உணவருந்தும் இளைஞர், இது மருத்துவமனை என்பதைப் பெயரிலிருந்தே அறிவர். 1996இல் இத்தெருவில் மாண்ட சிங்களவரையும் தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றி அந்தப் பெயர் எதுவும் சொல்லாது. அவர்களுட் பலர் அன்று அலுவலகத்துக்கு வந்த சாதாரண ஊழியர்கள். புனரமைப்பு என்ற சொல்லுக்குள் அவர்களும் அடங்க வேண்டும்.