கலயத்தின் அடிமண்டி

தீட்டாத அரிசியைக் குழையவிட்டுக் களியாகத் துழாவணும். வாயகன்ற பாத்திரத்தில் ஆறவிடணும். இடித்த நெல்முளையைப் போட்டுப் பிசைஞ்சு, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி கழிச்சு, கெட்டியான சாடியில் விளைய வைச்சு, விரலால் அலைத்துப் பிழியணும். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கிற கள் இப்படிச் செய்ததுதான். காய்ச்சி வடிக்கும் சாராயம் இல்லை. வீட்டில் புளிக்க வைத்த நெல்கள். முளை, மாவைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட், சர்க்கரையைப் போதையாக்கும். வீட்டில் சமைத்த இந்த நெல்கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப்பேரே அதே பாட்டில் உண்டு. எம்.ஏ.வில் எங்களுக்கு நடத்தியவர் அருஞ்சொற்பொருள் சொல்லிட்டுத் தாண்டிப் போனார். திரையன் பெருமைக்குத்தான் மார்க்கு.

செஞ்சிப் பக்கம் சனங்களுக்குத் தெரிஞ்சது பனங்கள். பாளையை இடுக்கி நசுக்கி, நுனி சீவி, கலயம் கட்டுவாங்க. உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அதே பாளை, அதே கை. முந்தின நாள் கலயத்தில் தங்கிய அடிமண்டிதான் இன்றைய சாற்றுக்கு உறை, பாலுக்கு மோர் மாதிரி. அந்த மண்டிக்குள்ளேதான் ஈஸ்ட் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. நார்வே நாட்டுக் குடியானவர்களும் வீட்டு பீருக்கான ஈஸ்டை மரவளையத்தில் காயவைத்து அண்டை வீட்டோடு பகிர்ந்துகொண்டார்கள். 'க்வைக்' என்று பேர். இன்னிக்கு அது பாரம்பரியம், உலகம் காசு கொடுத்து வாங்குது. நம்ம கலயத்தில் சுண்ணாம்பு இல்லேன்னா கேசு.

1886 ஆப்காரிச் சட்டம் கள்ளை வெள்ளைக்காரன் வருமானமாக்கியது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1971-இல் கடை திறந்தாங்க, மூடினாங்க, 1981-இல் மறுபடி திறந்தாங்க. 1987 தொடக்கத்திலிருந்து கள்ளும் சாராயமும் மூடல். ஆனால் கம்பெனிச் சரக்குக்கு 1983-இலேயே டாஸ்மாக் வந்தாச்சு; 2003 முதல் சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்துது. பக்கத்துப் புதுச்சேரியில் கள்ளுக்கடை திறந்தே இருக்கு.

கள்ளுக்கு வக்காலத்து வாங்க வரலை. கூலி கள்ளுக்கடையோடு போய் அடுப்பெரியாத வீடுகளின் கணக்கு சேரிப் பெண்களிடம் இருக்கு. அதை அவங்கதான் எழுதணும். நான் கேட்பது வேற: யாருடைய சாடி குற்றமாச்சு, யாருடைய பாட்டில் வியாபாரமாச்சு?

செஞ்சியிலிருந்து கிழக்கே போனால் திண்டிவனம். சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் கிடங்கில் அங்கேதான். அப்படியே கடற்கரைக்குப் போனால் மரக்காணம். அந்தப் பாட்டின் எயிற்பட்டினம் அதுதான் என்பார்கள். அங்கே நுளையர் வீட்டுப் பெண் வடித்த பழங்கள்ளைப் பாணர் குடிக்கிறார்கள். அதே மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம்: அறுபதுக்கு மேல் பிணம், பலர் தலித்துகள். அந்த மெத்தனால் எந்தப் பாளையிலும் வடிந்ததல்ல, தொழிற்சாலைச் சரக்கு. அரசு தலைக்குப் பத்து லட்சம் கொடுத்தது. பனைமரத்தடியில் கலயத்தை இறக்கச் சொல்லி, சுண்ணாம்பு இருக்கான்னு பார்க்கிற சோதனை அதுக்கப்புறமும் நடக்குது.